வலி பார்க்கிறவள்

தனக்கு மூன்றாம் அறை மட்டும் விழக் கூடாது என்று சுபிக்ஷா வேண்டிக்கொண்டிருந்தாள். வலிச் சான்றிதழ் அலுவலகக் கூடத்தில் காத்திருந்த மூட்டு வலிக்காரர்கள் எல்லோருடைய வேண்டுதலும் அதுதான். பலகையில் அவளுடைய டோக்கன் எண் மின்னியது. பக்கத்தில் அறை எண்: மூன்று.

"போச்சு," என்றாள் பக்கத்து நாற்காலியில் இருந்த பூங்கொடி. திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்தவள். முழங்கை மடங்காமல் வேலையை விட்டவள். அன்றைக்கு மறுவிசாரணைக்கு வந்திருந்தாள். "அந்த மேடத்துகிட்ட நம்மளுக்கு ஒண்ணுமே விழாதுங்க. எனக்கு நாலு பர்சென்ட் போட்டு அனுப்புச்சு. நரம்பு எரிச்சல், ஒத்தத் தலவலின்னு போறவங்களுக்கெல்லாம் அள்ளிக் குடுக்குது. மூட்டுன்னா மட்டும் கல்லாட்டம் உக்காந்திருக்கும்."

சுபிக்ஷா கோவையில் டவுன் பஸ் ஓட்டியவள். முடக்குவாதம் வந்த பிறகும் கொஞ்ச காலம் ஓட்டினாள். காலையில் எழுந்தால் விரல்கள் யாரோ தூக்கத்தில் கட்டிப் போட்டதுபோல மடங்கிக் கிடக்கும். வெந்நீரில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். ஒருநாள் உக்கடத்து வளைவில் ஸ்டீயரிங் கைக்குள் வராமல் நழுவியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அவளுடைய நோயில் ஒரு வஞ்சகம் இருந்தது. மத்தியானத்துக்குள் விரல்கள் ஓரளவு இளகிவிடும். ஊர் அவளைப் பார்ப்பதெல்லாம் மத்தியானத்துக்கு மேல்தான். ரத்தப் பரிசோதனை நோய் இருக்கிறது என்று சொல்லும். ஆளை எவ்வளவு முடக்குகிறது என்று சொல்லாது. பழைய காலத்தில் மருத்துவர்கள் குழுவாக உட்கார்ந்து, "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க" என்று அனுப்பிவிடுவார்களாம். அதனால்தான் அரசு உணர்வாளர்களைக் கொண்டு வந்தது. மனுதாரர் தலையில் ஒரு பட்டை, உணர்வாளர் தலையில் ஒரு பட்டை. மனுதாரரின் வலி கொஞ்ச நேரம் உணர்வாளரின் உடம்புக்குள் போய் உட்காரும். எவ்வளவு கனம் என்று இயந்திரம் விழுக்காட்டில் காட்டும். நாற்பதைத் தொட்டால் சான்றிதழ், உதவித்தொகை, உடம்புக்கேற்ற வேலை. இந்தத் திட்டத்தை அறிவித்த அன்று சுபிக்ஷா அழுதிருக்கிறாள். இனி யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம் என்ற நிம்மதி.

மூன்றாம் அறையில் இருந்த உணர்வாளர் ஓவியாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. சிரித்த முகம். "உக்காருங்க. பயப்பட வேண்டாம், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எனக்குத்தான் தெரியும்," என்றாள். பட்டையை நெற்றியில் இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள்.

சுபிக்ஷா அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவம் சுருங்கும், உதடு கோணும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் இருந்து நிழலுக்கு வந்தவள்போல ஓவியா அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

"மூணு," என்றாள் கண்ணைத் திறந்து. அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உங்களுக்கு வலி இல்லைன்னு நான் சொல்லல. ஆனா எல்லாருக்கும் இருக்கறதவிடப் பெரிசா எதுவும் கூடல."

அன்று சாயங்காலம் அவள் கணவன் கோகுல் பட்டறையிலிருந்து வந்ததும் எவ்வளவு விழுந்தது என்று கேட்டான். பம்புசெட் பட்டறையில் வார்ப்பு வேலை அவனுக்கு. மூணு என்றாள். அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து, வெகுநேரம் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மெஷின் தப்பாச் சொல்லுமா?"

"மெஷின் இல்லீங்க. ஒரு ஆளு உக்காந்து, என் வலிய உள்ள வாங்கிப் பாத்துட்டுத்தான் சொல்லுது."

அவன் துண்டைக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவளுக்குத் தோன்றியது. மறுநாளிலிருந்து வீட்டுக்குள் என்னவோ மாறியது. காலையில் அவனே அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போவது நின்றது. "கொஞ்சம் முயற்சி பண்ணித்தான் பாரேன் சுபி. நடமாடுனா சரியாயிரும்னு சொல்றாங்கல்ல," என்றான் ஒருநாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

அதைவிட மோசம், அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. இன்னொருத்தி தன் வலியை முழுசாக வாங்கிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் ஊரில் எல்லோரும் இதைத்தான் சுமந்துகொண்டு பஸ் ஏறுகிறார்களா, கல்யாணத்துக்குப் போகிறார்களா, சிரிக்கிறார்களா? தான் மட்டும்தான் கோழையா? வீட்டுக்குள் அறைக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒருநாள் வீம்புக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து, ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடி ஏறினாள். மறுநாள் மணிக்கட்டு இரண்டும் வீங்கி, போர்வையை இழுத்துவிடக்கூடக் கை வரவில்லை. கோகுல் வீக்கத்தைப் பார்த்தான். தைலம் தேய்த்துவிட்டான். ஆனால் அவனுடைய கண்ணில் அந்த மூணு இன்னும் இருந்தது.

மறுவிசாரணை உண்டு. ஆனால் பழைய உணர்வாளரிடமே போக வேண்டும். முதலில் பார்த்த உடம்பே மறுபடி பார்த்தால்தான் ஒப்பிட முடியும் என்பது விதி. பூங்கொடி போனில் வழி சொன்னாள். "மாத்திரைய நிறுத்திட்டுப் போங்க. எல்லாரும் அப்பிடித்தான் போறாங்க. அன்னைக்கு மட்டும் வலி முழுசா இருக்கோணும்."

டாக்டர் கேட்டால் திட்டுவார் என்று தெரிந்தே சுபிக்ஷா மாத்திரையை நிறுத்தினாள். விசாரணை நாளன்று பல் துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியவில்லை. கோகுல் தலைவாரிப் பின்னிவிட்டான். ரவிக்கைக் கொக்கிகளைப் போட்டுவிட்டான். பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தான்.

ஓவியா பட்டையைப் போட்டுக்கொண்டாள். இந்த முறை அவளுடைய இமை லேசாகத் துடித்தது. சுபிக்ஷா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"கூடியிருக்கு," என்றாள் ஓவியா. "பன்னெண்டு."

"பன்னெண்டா?" சுபிக்ஷா மடங்கிய கையைத் தூக்கிக் காட்டினாள். "பிரஷ் புடிக்க முடியலீங்க இன்னைக்கு."

"புரியுதுங்க. ஆனா நான் இட்டுக்கட்டிச் சொல்ல முடியாது." ஓவியா பட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். துப்பட்டா நுனியை மூடியின் மேல் போட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தி, தோளோடு சேர்த்துத் திருகினாள். விரல்கள் மூடியைத் தொடவே இல்லை.

எழுந்து போக இருந்த சுபிக்ஷா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பல பாட்டில்களோடு மல்லுக்கட்டி அவளாகக் கண்டுபிடித்தது.

"ஏனுங்க மேடம், விரல்ல புடிக்காம தெறக்கறீங்க?"

"மூடி இறுக்கமா இருக்கு."

"காலைல எந்திரிச்சா உங்களுக்கு விரல் விரிய எத்தன நேரமாகுது?"

"குளிச்சு, காபி குடிச்சு, பஸ் ஏறுற வரைக்கும் ஆகும். எல்லாருக்கும் அப்படித்தானே?"

"எல்லாருக்கும் அப்பிடி இல்லீங்க."

ஓவியா சிரித்தாள். "அது மிச்சம்ங்க. பகல் பூரா அடுத்தவங்க வலியை வாங்கறோம்ல, கொஞ்சம் உடம்புலயே தங்கிடும். பயிற்சியிலேயே சொல்லியிருக்காங்க. நாலாம் ரூம் சாருக்கு முதுகுல தங்கும். எனக்குக் கையில."

"தங்கற வலி விரல் கணுவ வீங்க வெக்குமாங்க? ரெண்டு கையிலயும் ஒரே எடத்துல?"

ஓவியா தன் கைகளைப் பார்த்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த கைகளையும் பார்த்தாள். நடுவிரல், மோதிர விரல். கணுக்களில் ஒரே மாதிரி உருண்டைகள்.

"காலையில வந்ததும் நாங்க மெஷினை எங்க உடம்புக்குப் பூஜ்யம் வைப்போம்," என்றாள். தனக்குத்தானே பேசுவதுபோல இருந்தது. "இன்னைக்கு என் உடம்பு எப்படி இருக்கோ அதுதான் பூஜ்யம். அதுக்கு மேல எது கூடுதோ அதுதான் உங்க எண். என் உடம்புலயே இதே வலி இருந்தா..." வாக்கியம் பாதியில் நின்றது.

அறைக்கு வெளியே அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தது. ஓவியா எழுந்துபோய்ப் பொத்தானை அழுத்தி அதை நிறுத்தினாள். கதவைத் திறந்து, "சுபிக்ஷாவோட வந்தவங்க யாரு?" என்று கேட்டாள். கோகுல் உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டாள்.

"இது விதிப்படி தப்பு. ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும். உங்களுக்கு உடம்புல ஏதாவது வலி இருக்கா?"

"எனக்கா? ஒண்ணுமில்லீங்களே."

உணர்வாளர் பட்டையை அவன் தலையில் மாட்டி, அவனுடைய உடம்புக்குப் பூஜ்யம் வைத்தாள். சுபிக்ஷா போட்டிருந்த பட்டையை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். "இப்ப வரப்போறது உங்க வீட்டம்மாவோடது இல்ல. என்னோடது."

முதலில் கோகுல் அசட்டுச் சிரிப்போடுதான் உட்கார்ந்திருந்தான். பிறகு, கொதிக்கும் இரும்பை வார்த்துப் பழகிய அவனுடைய வலது கை மேஜைமேல் தானாகவே மடங்கியது. அதை நிமிர்த்தப் பார்த்தான். முடியவில்லை. நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"கணுக்குள்ள... எவனோ ஸ்குரு முறுக்கறாப்பல இருக்குதுங்க. பாதத்துல கூட. எடுங்க. எடுத்துருங்க."

திரையில் அறுபதைத் தாண்டிய ஓர் எண் நின்றது. பட்டைகளைக் கழற்றிய பிறகும் ஓவியா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோகுல் அவளைப் பார்க்கவில்லை. திரும்பி மனைவியைப் பார்த்தான். "இதை வெச்சுக்கிட்டா பஸ் ஓட்டுன?"

அவன் கண் கலங்கியிருந்தது. சுபிக்ஷாவுக்கு இரக்கம் வரவில்லை. நெஞ்சுக்குள் சுருக்கென்று கோபம்தான் வந்தது. "நாஞ் சொன்னப்ப நம்பலியேங்க. இன்னொருத்தி ஒடம்புல இருந்து வந்தாத்தான் உங்களுக்கு நம்பிக்கையாகுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஓவியாவுக்கு முகம் வெளுத்திருந்தாலும் பேச்சு வேகமாக வந்தது. "அக்கா, நான் ஒண்ணு சொல்றேன். இவர் உடம்பைப் பூஜ்யமா வச்சு, உங்களோடதை இப்பவே மறுபடி பதிவு பண்ணிடறேன். நாற்பதைத் தாராளமாத் தாண்டும். சான்றிதழோட வீட்டுக்குப் போகலாம். வெளியில யாருக்கும் தெரிய வேண்டாம்."

"அப்புறம் நீங்க? ஆஸ்பத்திரிக்குப் போவீங்களா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனா மருத்துவ அட்டையில ஏறும். துறைக்குத் தெரிஞ்சுடும். தீராத வலி இருக்கறவங்க உணர்வாளரா இருக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுதுக்கா, என் ஒருத்தி சம்பளத்துல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நான் வாயைத் திறந்தா நான் பார்த்த மூட்டுக் கேஸ் எல்லாம் ரத்தாகும். இப்ப போடறேன்னு சொன்ன உங்களோடதும் சேர்த்துத்தான். எல்லாரும் மறுபடி முதல்லேருந்து வரிசையில நிக்கணும்."

"வாங்கிக்க சுபி," என்றான் கோகுல் மெதுவாக.

சுபிக்ஷா வாங்கிக்கொள்ளத்தான் நினைத்தாள். இதற்குத்தானே வந்தாள்? இந்தத் துண்டுக் காகிதத்துக்குத்தானே மாத்திரையை நிறுத்தி உடம்பைப் பாழாக்கிக்கொண்டாள்? பூங்கொடியின் முகம் நினைவுக்கு வந்தது. அண்ணன் வீட்டில் அவளுடைய பேச்சை இப்போது யாரும் காதில் வாங்குவதில்லையாம். அதைக்கூட ஒதுக்கிவிடலாம் என்றுதான் அந்த நேரத்தில் தோன்றியது. ஆனால் எதிரே மேஜைமேல் ஓவியாவின் கைகள் இருந்தன. வீங்கியிருந்தாலும் அவை இன்னும் நேராகத்தான் இருந்தன.

தன் இடது கையை அவற்றின் பக்கத்தில் வைத்தாள். மோதிர விரல் பக்கவாட்டில் சாய்ந்து, நுனி மட்டும் வேறு திசையில் வளைந்திருந்தது. "நானும் மொதல்ல பஸ் ஓட்டற அலுப்புன்னுதான் விட்டேன் கண்ணு. விட்ட அந்தக் காலத்துலதான் இது கோணிக்கிச்சு. இனி எந்த மாத்திரையும் இத நிமுத்தாது. உனக்கு இன்னும் கோணல."

'மேடம்' எப்போது 'கண்ணு' ஆனது என்று அவளுக்கே தெரியவில்லை.

"எனக்கு வேண்டாம்," என்றாள். "போய்ச் சொல்லிட்டு மாத்திரைய ஆரம்பி."

சொல்லி முடித்து வெளியே வந்ததுமே செய்ததை நினைத்து வருத்தம் பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். பெரிய தியாகி! அந்தப் பெண் சொல்லாமல் விட்டால்? அவளுக்கும் வேலை இருக்கும், அவளுடைய விரலும் கோணும், தனக்கும் ஒன்றும் கிடைக்காது. மூன்று பேருக்கும் நஷ்டம். கோகுல் அவளுடைய கையைப் பிடிக்க வந்தவன், பாதியில் நிறுத்தி, தோளைத் தொட்டான். எங்கே தொட்டால் வலிக்காது என்று யோசித்துத் தொட்டது அவளுக்குத் தெரிந்தது. அவள் நகரவும் இல்லை, சாயவும் இல்லை.

அதற்குப் பிறகு நாள் நகரவே இல்லை. மாத்திரையை மறுபடி தொடங்கினாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப அடம்பிடித்தது. காலையில் கோகுல் வெந்நீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், பேச்சு மட்டும் அளந்துதான் வந்தது. போன் சிணுங்கும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒருநாள் செய்தி வந்தது. நிர்வாகக் காரணங்களால் தங்கள் மனு மீதான முடிவு ரத்து செய்யப்படுகிறது. புதிய தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.

அடுத்த நிமிடமே பூங்கொடி கூப்பிட்டாள். "உங்களுக்கும் வந்துச்சா? என்ன கண்றாவிங்க இது, மறுபடி மொதல்லேருந்தா?"

"வந்துச்சு," என்றாள் சுபிக்ஷா. அப்படியானால் ஓவியா போய்ச் சொல்லிவிட்டாள். "நல்லதுதானுங்க. போலாம் வாங்க."

மழைக்காலம் முடியும் தறுவாயில்தான் அழைத்தார்கள். மூன்றாம் அறையில் இப்போது மேகநாதன் என்று ஒருவர். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். வாட்டசாட்டமான ஆள், மிடுக்கான மீசை. அடிக்கடி பூஜ்யத்தைச் சோதிக்க வேண்டும் என்று இப்போது புது விதி வந்திருந்தது. நோய்நொடி அறியாத உடம்பாகத் தேடிப் பிடித்திருந்தார்கள். சுபிக்ஷா இந்த முறை மாத்திரையை நிறுத்தாமலே வந்திருந்தாள்.

"காஷ்மீர்ல பனியில படுத்தவன் நான். நீங்க தைரியமா உக்காருங்கம்மா," என்று சொல்லிப் பட்டையைப் போட்டுக்கொண்டார்.

போட்ட வேகத்தில் "ஐயோ!" என்று பிடுங்கி எறிந்தார்.

இயந்திரம் சிவப்பாக மின்னியது. பதிவு முழுமையடையவில்லை. மேகநாதன் கைகளை உதறிக்கொண்டு நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா. முழு நேரமும் வச்சிருந்தாத்தான் எண் விழும். இன்னொரு தடவை பாதியில கழட்டினா கேஸை மூடிடும். நான்... வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?"

வேற யாரையாவது என்றால் இன்னொரு மழைக்காலம். சுபிக்ஷா ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு நாற்காலியை மேஜையைச் சுற்றி இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வேண்டாமுங்க. நாஞ் சொல்ற மாதிரி பண்ணுங்க. கைய மொதல்ல மடியில வெச்சுக்குங்க. விரல நிமுத்தப் பாக்காதீங்க, அது எப்பிடிக் கெடக்குதோ அப்பிடியே விட்டுருங்க. வலி வர்றப்ப பல்லக் கடிக்காதீங்க. கடிச்சா இன்னும் ஏறும். வாயத் தொறந்து மூச்ச விடுங்க."

பட்டையை அவரே மாட்டிக்கொண்டார். அவருடைய தோள் விறைத்தது. கை பட்டையை நோக்கி எழுந்தது.

"கைய எறக்குங்க. எறக்குங்க. பாதத்த தரையில ஊணாதீங்க. இப்ப முழங்கைக்கு வரும், பயந்துராதீங்க, அது அங்கயே நிக்காது. மூச்சு. அப்பிடித்தான். இனி இது போகாதுன்னு நெனைச்சுக்குங்க. போயிரும்னு காத்துக்கிட்டிருந்தாத்தான் தாங்காது."

கண்களை இறுக மூடியபடி அவர் அவள் சொன்னதையெல்லாம் செய்தார். மீசை நனைந்தது. எத்தனை காலமாக இதையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிறோம் என்று சுபிக்ஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

இயந்திரம் பச்சையாக மின்னியது. ஐம்பத்தாறு.

மேகநாதன் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "தினமுமாம்மா?"

"காலைல இப்பிடி. மத்தியானம் கொஞ்சம் பரவால்லீங்க."

கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. பேனா உருண்டு ஓடியது. சுபிக்ஷா அதை எடுத்து, தான் பிடிக்கும் விதமாக, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக் கொடுத்தாள். கோணல்மாணலாக ஒரு கையெழுத்து விழுந்தது. அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

கூடத்தில் கோகுல் இருந்தான். சான்றிதழை வாங்கிப் படிக்கவில்லை, "முடிஞ்சுதா? ஒக்காந்துக்கறயா?" என்று மட்டும் கேட்டான். அவனுக்கு அடுத்த நாற்காலியில் டோக்கனை மடியில் வைத்துக்கொண்டு ஓவியா உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். மாத்திரையால் முகம் மட்டும் சற்று ஊதியிருந்தது. வேலை போய்விட்டது, ஏதோ கடையில் கணக்குப் பார்க்கிறாள் என்று பூங்கொடி சொல்லியிருந்தாள். சுபிக்ஷாவின் கண் தானாக அவளுடைய விரல்களுக்குப் போனது. நேராகத்தான் இருந்தன.

"மூணாம் ரூம்தான் விழுந்திருக்குக்கா," என்றாள் ஓவியா. "எப்படி இருக்காரு?"

"நல்ல மனுசன். தாங்கத்தான் தெரியல."

"பாதியில கழட்டிடுவாரா?"

"இனிக் கழட்ட மாட்டாரு. ஆனா போனதும் பட்டையப் போட விடாத. கொஞ்சம் தண்ணி குடிக்கச் சொல்லு. இப்பத்தான் என்னோடத எறக்கி வெச்சிருக்காரு."

பலகையில் எண் மின்னியது. ஓவியா நாற்காலியின் கைப்பிடியில் உள்ளங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். கோகுல் உதவிக்குக் கையை நீட்டினான். "விரலப் புடிச்சு இழுத்தறாதீங்க," என்று அவனைத் தடுத்துவிட்டு, சுபிக்ஷா குனிந்து தன் முழங்கையை நீட்டினாள். ஓவியா அதில் தன் கையைக் கோத்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் சொன்னபடி கேட்கும்வரை இருவரும் அப்படியே நின்றார்கள்.